வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

மெல்டிங்ஹாம், நார்ஃபோக்
9 ஜனவரி 2010

சிரில்,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். பதினோரு வருடம் பேசாமல் இருந்த ஆளுக்கு அந்த வார்த்தையைப் போட்டால் நீ சிரிப்பாய். உன் முகவரியைத் தபால் நிலையத்துப் பெண்ணிடம் வாங்கினேன். உன் மகள் ஹேசல் அவளுக்கு வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறாளாம். எனக்கு அனுப்புவதில்லை. உனக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, போனைத் தொடுவதே இல்லை என்றும் அவள்தான் சொன்னாள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மிஸ் லார்ட்டர் தன் மேய்ச்சல் நிலத்தைச் சரளைக்கல் எடுக்கும் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மார்ச் 8 திங்கட்கிழமை இயந்திரங்கள் வருகின்றன. மேல் மண்ணை இரண்டடிக்கு வழித்துத் தள்ளிவிட்டு, அடியில் இருப்பதை அள்ளப் போகிறார்கள்.

நீ எதையும் மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் நான் நினைவு வைத்திருக்கும் விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 98 நவம்பர். ராண்டலின் உருளைக்கிழங்கு வயலில் நீ ஒரு வரிசை, நான் ஒரு வரிசையாக, மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரை வீசிக்கொண்டு போனோம். முன்னால் நிற்பவன் தெரியாத பனி. நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, வறண்டு கிடந்த வாய்க்காலைத் தாண்டியதே தெரியாமல் தாண்டிவிட்டேன். காலடியில் உழவு மண் போய்ப் புல் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சத்தம் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. தோண்டினேன். உள்ளங்கை நீளத்தில் வெண்கல ப்ரூச். அடி நுனியில் குதிரை முகம், பிதுங்கிய கண் இரண்டு. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி தோளில் துணியைக் கோத்திருந்தது. உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்தாய். பிறகு பனி விலகியது. அப்போதுதான் மிஸ் லார்ட்டரின் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது.

நமக்கு அனுமதி வாய்க்கால் வரைக்கும்தான். கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். ஆனாலும் நான் 'ராண்டல் வயல், மேற்கு ஓரம்' என்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பதிவுப் பாரத்தில் எழுதினேன். கீழே சாட்சியாக நீ கையெழுத்துப் போட்டாய்.

அந்த ஒரு வரியை நம்பி மறு வருடம் ராண்டல் வயலில் தொல்லியல்காரர்கள் மூன்று வாரம் தோண்டினார்கள். உருளைக்கிழங்குதான் வந்தது. வழிப்போக்கர் யாரோ தவறவிட்ட பொருள், அக்கம்பக்கத்தில் புதைகுழி எதுவும் இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். இப்போது சரளைக்கல்லுக்கு அனுமதி கொடுக்கும்போது அதே காகிதத்தைத்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பேருக்கு இரண்டு ஓரத்தில் சின்னப் பள்ளம் தோண்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டாயிற்று.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தக் குழியில் ஒரு பல் இருந்தது சிரில். மனிதப் பல். நீ வருவதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். அவள் அங்கேதான் படுத்திருக்கிறாள். தனியாக இருப்பாள் என்றும் தோன்றவில்லை.

நான் வாயைத் திறந்தால் டிடெக்டர் கிளப்பில் என் பெயரை அடித்துவிடுவார்கள். எந்த விவசாயியும் கேட்டைத் திறக்க மாட்டார். இந்த ஊரில் என்னை 'குதிரைக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், எனக்கென்று இருப்பது அந்த ஒரு பெயர்தான். திறக்காவிட்டால் மார்ச் எட்டாம் தேதி அவளைக் கல்லோடு கல்லாகச் சல்லடையில் போடுவார்கள். இரண்டு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் பெயருக்குக் கீழே உன் பெயரும் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் பேச மாட்டேன். பதில் போடு.

வெஸ்லி கேதர்கோல்


இன்வர்னஸ்
19 ஜனவரி 2010

வெஸ்லி,

உன் கடிதம் நான்கு நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை, கடைசியில் ஹேசல்தான் பிரித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பேசாமல் இருந்த பதினோரு வருடத்துக்கும் சேர்த்து எழுதியிருக்கிறாய். எல்லாம் சரி. நீ விட்டுவிட்ட ஒன்றை நான் எழுதுகிறேன். பனி விலகியதும் நான் என்ன சொன்னேன்? "குழியிலயே திரும்ப வை. போய்க் கதவைத் தட்டிக் கேட்டுட்டு வந்து எடுக்கலாம்"னு சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "நீயே போய்க் கேளு, வாய் உனக்குத்தான இருக்கு." வாஸ்தவம். முப்பது பண்ணைக் கதவுகளைத் தட்டி அனுமதி வாங்கினவன் நான். நீ காரில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். ஆனால் அந்த அம்மா துப்பாக்கி எடுத்து ஒருத்தனை விரட்டினதாக மதுக்கடையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பயம், நான் போகவில்லை. அது என் பங்கு. பாரத்தில் எழுதியது உன் பங்கு.

அப்புறம் பத்திரிகைப் படம். ராண்டல் நடுவில், நீ குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியபடி. ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை நான். பொய்யில் பாதி எனக்கு, படத்தில் முழங்கை மட்டும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹேசல் நல்ல பெண், மாப்பிள்ளையும் தங்கமான ஆள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எல்லார் வாயும் அசைகிறது. அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்கு என்று கேட்டால் எழுதிக் காட்டுவார்கள். எழுதி முடிப்பதற்குள் அது சிரிப்பாக இல்லாமல் போயிருக்கும். இப்போதெல்லாம் கேட்பதை விட்டுவிட்டேன்.

நீ என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். என்னைக் கேட்காதே. இனி எழுதவும் வேண்டாம்.

சி. தர்ட்டில்


மெல்டிங்ஹாம்
27 ஜனவரி 2010

சிரில்,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். எழுதினால் கோபமாகவாவது ஒரு பதில் வருகிறது. எழுதாவிட்டால் அதுவும் கிடையாது.

அந்தப் படத்தை வெட்டியது பத்திரிகைக்காரன், நான் இல்லை. என் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடம் எல்லாம் "இந்த முழங்கை சிரில் தர்ட்டிலோடது"ன்னு சொல்லிக் காட்டுவேன். வருகிறவர்கள் என்றால் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அவருக்கு இப்போது உன் முழங்கை நன்றாகத் தெரியும்.

பேச வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு போன வாரம் அருங்காட்சியகம் போனேன். இப்போது கண்டெடுத்த பொருள்களைப் பதிவு செய்வது இமோஜென் என்ற பெண். முப்பது வயது இருக்கும், மண் வாசனை அறிந்தவள். அலுவலகத்துக்கு வெளியே காரிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள், வரிசையாக வெளியே வந்தார்கள். ஒரு வாத்தியார் என்னை அடையாளம் கண்டு, "பசங்களா, அந்தக் குதிரையைக் கண்டுபிடிச்ச தாத்தா இவர்தான்"னு காட்டினார். பிள்ளைகள் கையசைத்தார்கள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சரி, தைரியம் வந்து சொல்லிவிட்டேன் என்றே வைத்துக்கொள். அந்தப் பெண் முதலில் கேட்கப் போவது "எந்த இடம்?" என்றுதான். எனக்குத் தெரியாது சிரில். நாம் அடையாளத்துக்கு வைத்திருந்த ஓக் மரம் எட்டு வருடத்துக்கு முன்னால் புயலில் சாய்ந்துவிட்டது. வாய்க்காலைக் குழாய் போட்டு மூடிப் புல் விதைத்துவிட்டார்கள். இப்போது அது ஒன்பது ஏக்கர் வெறும் புல்வெளி. அங்கே போய் "இங்க எங்கியோதான்"னு கையை நீட்டினால், பொய்யன் என்பதோடு கிறுக்கன் என்ற பெயரும் சேரும். இவ்வளவு தாமதமாக வந்து இடமும் தெரியாமல் நிற்கும் ஒருவனுக்காக யாரும் இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள்.

நீ எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பாய். எத்தனை எட்டு, எந்தத் திசை என்று. நான் கேலி செய்வேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பு, போதும். உன் பெயரை எடுக்க மாட்டேன்.

இங்கே நல்ல பனி. கிளப்பில் நேற்று எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் புது டிடெக்டர்களைப் பற்றியே பேசினார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, இதெல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெஸ்லி


இன்வர்னஸ்
6 பிப்ரவரி 2010

வெஸ்லி,

நோட்டு இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. உட்கார்ந்து படி.

அந்தக் காலத்துப் பெண்கள் ப்ரூச்சை ஒற்றையாகப் போட மாட்டார்கள். தோளுக்கு ஒன்று, ஜோடியாகத்தான் போடுவார்கள். உனக்கும் தெரியும், ஆனால் நீ அன்றைக்கு இருந்த பூரிப்பில் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஒரு வாரம் வேறு எதையுமே யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, ஊரே சர்ச்சில் இருந்த நேரத்தில், வாய்க்காலைத் தாண்டிப் போனேன். நான் பனியில் தாண்டவில்லை வெஸ்லி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு தெரியாமல் தாண்டவில்லை. நல்ல வெயிலில், தெரிந்தே தாண்டினேன். உன் குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டாவது குதிரை இருந்தது. அதற்கு இடது கண் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது.

பதினோரு வருடமாக இருமல் மிட்டாய் டப்பாவில் பஞ்சு வைத்து, அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஹேசலுக்குக்கூடக் காட்டியதில்லை. யாருக்கும் காட்ட முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு என்ன சுகம் கண்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ பொய் எழுதினாய் என்ற கோபத்தில்தான் ஊரை விட்டுப் போனேன் என்று நீ நினைத்தாய். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவன் செய்த வேலை அது.

இடம்: வடகிழக்கு மூலையில் கேட்டுக்குக் கல் தூண் ஒன்று இருக்கும். அதை யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள். அதிலிருந்து சர்ச் கோபுரத்தைப் பார்த்து என் காலுக்குத் தொண்ணூற்று நான்கு எட்டு. நான் குட்டை, உன் காலுக்கு எண்பத்தாறு போதும். நான் தோண்டிய குழி எதுவானாலும் அடியில் அந்த வருடத்துக் காசு ஒன்றைப் போட்டுத்தான் மூடுவேன். பிற்பாடு தோண்டுகிறவர்களுக்கு, இங்கே ஏற்கெனவே கை வைத்தாயிற்று என்று தெரிய வேண்டும் அல்லவா. "பூமிக்கு டிப்ஸ் குடுக்கிறியா"ன்னு சிரிப்பாய். அங்கேயும் போட்டேன். 98ஆம் வருடத்து இரண்டு பென்ஸ் காசு. டிடெக்டர் அதைக் கட்டாயம் பிடிக்கும்.

இதெல்லாம் உனக்கு முன்னாலேயே அந்த இமோஜெனுக்குப் போய்விட்டது. நேற்றுப் பதிவுத் தபாலில் டப்பாவையும் நோட்டுப் பக்கத்தையும் அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வாக்குமூலம். இரண்டு ப்ரூச்சையும் எடுத்தது நான் ஒருவன்தான், முதலாவதை ராண்டல் வயலில் கிடைத்ததாகச் சொல்லி உன் கையில் கொடுத்தேன், நீ நம்பி எழுதினாய், உனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எனக்கு இங்கே கிளப்பும் இல்லை, வயலும் இல்லை. என் பெயரை யார் எங்கே அடித்தால் என்ன. நீ சும்மா இரு, அது போதும். அவளையும் எடுத்துவிடுவார்கள், உன் பெயரும் மிஞ்சும்.

சிரில்


மெல்டிங்ஹாம்
17 பிப்ரவரி 2010

சிரில்,

உன் கடிதம் வந்த அன்றே அந்தப் பெண்ணும் வந்துவிட்டாள். நான் பத்து மணிக்கு உன் கடிதத்தைப் படித்து முடித்தேன், பதினொன்றுக்கு அவள் கதவைத் தட்டினாள். டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தாள். இரண்டாவது குதிரை. நான் அதைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"உங்களை நினைச்சா கஷ்டமா இருக்கு மிஸ்டர் கேதர்கோல். இத்தனை வருஷம் பழகின ஆளு உங்களை ஏமாத்தியிருக்காரு. உங்களுக்கு எதுவுமே தெரியாதா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிஸ்கட் எடுத்துக்கோங்க"ன்னு சொன்னேன்.

எடுத்துக்கொண்டாள். தேநீர் குடித்தாள். நீ எழுதியதை வாசித்துக் காட்டினாள், நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். 'எனக்குத் தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையை ஆட்டியதே போதுமாக இருந்தது. போகும்போது என் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது சிரில். கப்புகளைக் கழுவி வைத்தேன். ரேடியோ போட்டேன். ஒரு முட்டையைப் பொரித்து முழுசாகச் சாப்பிட்டேன்.

அப்புறம் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். படத்திலிருந்து உன்னை வெட்டியது பத்திரிகைக்காரன் என்றேனே. இப்போது வெட்டுவது யார்? என் அறுபத்தெட்டு வயதில், காது கேட்காத ஒருவன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நான் முட்டை சாப்பிடுகிறேன். உன் மேலும் ஆத்திரம் வந்தது. யாரடா உன்னைத் தியாகம் செய்யச் சொன்னது? இடத்தை மாற்றி எழுதியது நான். இப்போது நீ ஆளை மாற்றி எழுதியிருக்கிறாய். அது மட்டும் பொய் இல்லையா?

மறுநாள் காலையில் போனேன். இந்த முறை காரில் உட்காரவில்லை. நேராக அவள் மேசைக்கு முன்னால் போய் நின்று, "வாய்க்காலைத் தாண்டினது நான்தான். பாரத்துல மாத்தி எழுதினதும் நான்தான். அவரு எழுதினதுல ரெண்டாவது ப்ரூச் மட்டும்தான் நிஜம்"னு சொன்னேன். பல்லைப் பற்றியும் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்க ப்ரொபசர் ஒருத்தர் அந்த உருளைக்கிழங்கு வயல்ல மூணு வாரம் தோண்டினாரு. நான் அப்ப படிச்சிட்டிருந்தேன், வாளி தூக்கினது நான்தான்"னு மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. முதல் நாள் தோளில் தட்டிய கை அன்று மேசையிலேயே இருந்தது.

அப்புறம் வேலையைப் பேசினாள். எட்டாம் தேதி வரைக்கும் நிலம் மிஸ் லார்ட்டருடையது. அவர் சம்மதம் இல்லாமல் அந்தக் காசைத் தேடக்கூட யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. "நான் ஆபீஸ் வழியா எழுதினா ஒரு மாசம் ஆகிடும். நீங்க போய்க் கேளுங்க. நீங்கதானே அவங்களைக் கேட்டிருக்கணும்." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் ஜென்மத்தில் ஒரு கதவைத் தட்டி அனுமதி கேட்டதில்லை. எப்போதும் நீதான் கேட்பாய். எப்படிக் கேட்பது என்று எழுது. சீக்கிரம்.

வெஸ்லி


இன்வர்னஸ்
20 பிப்ரவரி 2010

முட்டாள்,

உன்னைச் சும்மா இருக்கச் சொன்னேன். அதைக்கூடச் செய்யத் தெரியவில்லை. கடிதத்தை ஹேசலிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாம் உன்னால்.

கேட்கும் முறை இது. வாசல் கதவுக்குப் போகாதே, பண்ணை வீட்டில் அதை யாரும் திறக்க மாட்டார்கள், பின்பக்கம் போ. டிடெக்டர் காரிலேயே இருக்கட்டும். பூட்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும். தட்டிவிட்டுப் படியிலிருந்து இரண்டடி கீழே இறங்கி நில், கதவைத் திறக்கிறவர் உன்னைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தொப்பியைக் கழற்று. முதலில் பெயரைச் சொல், பிறகு எந்த ஊர் என்று சொல், அதற்கப்புறம்தான் விஷயம். 'இல்லை' என்றால் நன்றி சொல்லிவிட்டு வா. 'ஏன்' என்று கேட்காதே.

துப்பாக்கியை எடுத்தால் ஓடு. உன் முழங்காலுக்கு அது முடியாது, இருந்தாலும் ஓடு.

சிரில்


மெல்டிங்ஹாம்
5 மார்ச் 2010

அன்புள்ள சிரில்,

இந்த முறை அடிக்கவில்லை.

நல்ல சேதி முதலில். கல் தூண் அதே இடத்தில் இருந்தது. இமோஜென் தானே டிடெக்டரைப் பிடித்தாள், என்னைத் தொடவிடவில்லை. சர்ச் கோபுரத்தைப் பார்த்து நான் எண்ணிக்கொண்டு நடந்தேன். எண்பத்து மூன்றாவது எட்டில் சத்தம் வந்தது. பதின்மூன்று அங்குலத்தில் உன் இரண்டு பென்ஸ் காசு, பச்சை ஏறிப் போயிருந்தது. பக்கத்தில் அவள். சின்னப் பெண்தான், இருபது வயது இருக்கும் என்கிறார்கள். இடுப்புப் பக்கம் சாவிக்கொத்து மாதிரி ஒன்று, கழுத்தில் மஞ்சள் மணிகள். மேல் மண்ணை விலக்கிப் பார்த்ததில் இன்னும் ஏழு குழிகள் தெரிகின்றன. அதில் இரண்டு குழந்தைகள். இயந்திரங்கள் வருவதை நிறுத்தியாயிற்று. கோடை முழுக்கத் தோண்டப் போகிறார்கள். நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

கெட்ட சேதி நீ எதிர்பார்த்ததுதான். கிளப்பிலிருந்து நான்கு வரியில் கடிதம் வந்தது. ராண்டல் வீட்டுக்கு வந்து கேட் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "என் பேரையும் சேர்த்து நாறடிச்சிட்டீங்களே"ன்னு மட்டும் கேட்டார். கேட்டது சரிதான். மற்ற பண்ணைக்காரர்கள் அதுகூடக் கேட்கவில்லை, பூட்டை மாற்றிவிட்டார்கள். தபால் நிலையத்துப் பெண் தபால்தலையைக் கொடுத்துவிட்டுச் சில்லறையை மேசையில் வைக்கிறாள், கையில் கொடுப்பதில்லை. இப்போது யாரும் என்னைக் 'குதிரைக்காரர்' என்று கூப்பிடுவதில்லை. சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் காரைக் கழுவுகிறேன்.

சொல்ல வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். மிஸ் லார்ட்டரைப் பார்க்கப் போனதைத்தான் சொல்கிறேன்.

நீ சொன்னபடியே பின்பக்கம் போனேன். தட்டினேன். படியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். கதவு திறக்க வெகு நேரமாயிற்று. எண்பத்தாறு வயது, இரண்டு கையிலும் ஊன்றுகோல். வீடெல்லாம் அட்டைப் பெட்டிகள். மே மாதம் முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம். நான் "கேதர்கோல்"னு ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்.

"தெரியும். அந்தக் குட்டையான ஆளு வரலையா?"

உள்ளே கூப்பிட்டார். சமையலறை ஜன்னலைக் காட்டினார். மேய்ச்சல் நிலம் முழுசாகத் தெரிகிறது சிரில், மூலை முடுக்கு விடாமல்.

"பனி விலகினப்ப இங்கதான் நின்னுட்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் என் புல்லுல முட்டி போட்டு உக்காந்திருந்தீங்க. நீங்க எதையோ கையில தூக்கிப் பிடிச்சீங்க. அவரு தொப்பியைத் தரையில போட்டுட்டுக் குதிச்சாரு. சரி, இப்ப கேட்க வருவாங்க, காட்டுவாங்கன்னு கெட்டிலைப் போட்டேன். மூணு கப் எடுத்து வச்சேன். அப்பா போனப்புறம் இந்த வீட்ல மூணு கப் எடுத்ததே இல்ல."

நான் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் அதைக் கேட்டுவிட்டேன்.

"துப்பாக்கியா? அது அப்பாவோடது. அவர் செத்த வாரமே போலீஸ்ல குடுத்தாச்சு. ஒருத்தன் கேட்டைத் திறந்து போட்டு என் கன்னுக்குட்டி ரோட்டுக்கு ஓடிடுச்சு. அவனைத் துடைப்பத்தால விரட்டினேன். இவங்க அதுக்குத் துப்பாக்கி குடுத்துட்டாங்களா?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டையே பார்த்துட்டு நின்னீங்க. ரொம்ப நேரம். அப்புறம் தலையைக் குனிஞ்சிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. பேப்பர்ல ராண்டல் வயல்னு போட்டிருந்துச்சு. என் புல்லுல எடுத்ததுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு? யாருகிட்ட போய்ச் சொல்றது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை.

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். அந்தக் கதவைத் தட்டி இதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்ல."

அப்புறம், "இப்பக் கேளுங்க"ன்னார். என்னைத் திரும்பவும் வெளியே அனுப்பினார் சிரில். நான் வெளியே போய், கதவைச் சாத்தி, தட்டி, பெயரையும் ஊரையும் சொல்லி, உங்கள் நிலத்தில் தேடலாமா என்று கேட்டேன். அவர் ஊன்றுகோலை ஊன்றி நிமிர்ந்து நின்று, "தாராளமா"ன்னு சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வெஸ்லி


இன்வர்னஸ்
9 மார்ச் 2010

வெஸ்லி,

உன் கடிதத்தை ஹேசலுக்கு வாசித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே கேட்காது, அதனால் எந்த இடத்தில் உடைந்தது என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு விசாரித்திருக்கிறாள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இது கிடைத்ததுமே நீ போய்ப் பின்பக்கக் கதவைத் தட்டி, அந்தக் குட்டையான ஆளும் வரலாமா என்று அவரிடம் கேட்டு எழுது. பதில் வந்த பிறகுதான் கிளம்புவேன்.

சிரில்